அம்மன் உடுத்த மஞ்சள் துணி

வேலங்குளத்து முத்துமாரி அம்மனுக்கு அடிமை பூண்டவர் பூரணம் அம்மையார். ஊராரின் அழுக்குத் துணியை வெளுப்பது அவர் தொழில். துணியைக் கல்லில் அடிக்கும்போதெல்லாம் "தாயே, தாயே" என்பார். திருவிழாவன்று அம்மன் வீற்றிருக்கும் மண்டபத்துக்கு வெள்ளை வேட்டிகளால் விதானம் கட்டுவது அவர் திருத்தொண்டு. அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாளெல்லாம் வாழ்ந்தார் என்றாலும் மிகையில்லை.

ஒரு திருவிழாக் காலையில், போருக்குத் தப்பிய பெண்கள் பதினெட்டுப் பேர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதை அறிந்து, அம்மையார் கஞ்சியோடு சென்றார். ஆறு நாள் சேற்றில் நடந்து வந்தவர்கள் அவர்கள். கஞ்சியைக் குடித்தார்களே தவிர, கிணற்றடிக்கு ஒருவரும் வரவில்லை.

"குளிச்சால் மாத்த உடுப்பில்லை அக்கா," என்றாள் தவமலர் என்பவள்.

இவ்வளவுதானா என்று அம்மையார் வீட்டுக்கு ஓடி, விதானத்துக்கு வெளுத்து வைத்திருந்த வேட்டிகளை அள்ளி வந்தார். மாலைக்குள் மறுபடி வெளுத்துவிடலாம் என்பது எண்ணம். பெண்கள் அவற்றைத் தொடவேயில்லை.

"வெள்ளை உடுக்கமாட்டன் அக்கா. அவர் எங்கையோ உயிரோட இருக்கிறார்," என்றாள் தவமலர்.

அம்மையார் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு வெள்ளை என்றால் அம்மன் தலைக்கு மேல் விரியும் மங்கலம். இந்தப் பெண்களுக்கு அது தாலியிழந்த கோலம் என்பது அதுவரை அவர் புத்தியில் படவேயில்லை. உடனே மஞ்சளை இடித்துக் கரைத்து, "தாயே, பிள்ளையளுக்குக் குடுக்கிறன்" என்று சொல்லி அத்தனை வேட்டிகளையும் முக்கி எடுத்தார். மஞ்சள் ஏறிய துணி இனி விதானத்துக்கு ஆகாது. கண் கலங்கியது; கை நிற்கவில்லை. பெண்கள் குளித்து, ஈரத்தோடே அதை உடுத்துக்கொண்டார்கள். அன்று கிணற்றடியில் எழுந்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

மாலையில், வெறும் மண்டபத்தைக் கண்ட கோயில் மணியகாரர் நாகநாதர் சீறினார். "வெள்ளை எங்கை? இனி இந்தத் தொண்டுக்கு நீ வரவேண்டாம்."

"பள்ளிக்கூடத்திலை வந்திருக்கிற பிள்ளையளுக்கு உடுக்க ஒண்டுமில்லை ஐயா. அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் குடுத்தனான்."

"ஓகோ. அம்மாள் என்ன சொன்னவ?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

அவ்வேளை குருக்கள் கருவறைத் திரையை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது. காலையில் அவர் வெண்பட்டுச் சாத்திய அம்மன், மஞ்சள் தோய்ந்த வேட்டித் துணியில் நின்றாள். அதன் ஓரத்திலிருந்து நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மணியகாரர் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பூரணமக்கா, மஞ்சளையே மேலை கட்டுங்கோ."

"அதைப் பிள்ளையளெல்லே உடுத்திருக்கினம்."

"அப்ப அவையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் அவர்.

அவ்வாண்டு விதானம் இல்லை. பதினெட்டு மஞ்சள் பெண்கள் சூழ, தானும் மஞ்சளுடுத்தி அம்மன் மண்டபத்தில் வீற்றிருந்தாள். தாய்க்கு வைத்ததை அவள் மக்களுக்கு உடுத்திப் பார்த்த பூரணம் அம்மையாரின் சாயமேறிய கைகளை நாமும் கும்பிடுவோம்.