குற்றம் சொன்ன பிறகே முதல் கவளம்

முன்னொரு காலத்தில், மலையும் ஏரியும் சூழ்ந்த வெண்கோடு என்ற நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. அவரை வைத்துக்கொண்டு அரண்மனைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் மந்திரி நன்மாறன் வீட்டுக்கு விருந்துக்குப் போன ராஜா, மந்திரியின் மனைவி அலர்மேலு வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் சொக்கிப்போனார். "இனி என் மதியச் சாப்பாடு இந்த வீட்டிலிருந்துதான்!" என்று அங்கேயே அறிவித்துவிட்டார். அலர்மேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. சமையல் என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா சாப்பிடும் பண்டம் குறையே இல்லாமல் இருந்தால் கண் பட்டுவிடுமாம். அதனால் சபையறிய ஒருவர் அதில் ஒரு குற்றம் சொன்ன பிறகே ராஜா முதல் கவளம் எடுப்பார். அதற்கென்றே 'சுவைபூஷணம்' பட்டம் வாங்கிய தண்டபாணியார் இருந்தார். மந்திரி பதவிக்கு ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவர்.

சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் அல்லவா? மனிதர் அனுபவித்துச் சொல்வார்.

"ரசத்தில் மிளகு தூங்குகிறது, பிரபு."

"இது அவியலா, வெள்ளத்தில் அடித்துவந்த காய்களா?"

சபை விழுந்து விழுந்து சிரிக்கும். பாத்திரம் தூக்கி வரும் ஆட்கள் அந்தப் பேச்சையும் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அலர்மேலு முதலில் சிரித்தாள். பிறகு உப்பை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு பயந்து பயந்து தாளித்தாள். கடைசியில் ஒருநாள் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்புக்கு என்ன?" என்று பதறினார் நன்மாறன்.

"உடம்பு நல்லாத்தாங்க இருக்கு. மனசுதான் விட்டுப்போச்சு. முன்னெல்லாம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டா எனக்குப் பசிக்கும். இப்போ அழுகை வருது."

நாட்டுக்கே யோசனை சொல்லும் மந்திரிக்கு வீட்டுக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. இருவரும் அவலை மோரில் நனைத்துத் தின்றார்கள்.

அரண்மனைக்குச் சாப்பாடு போகவில்லை. ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். தண்டபாணியார் விசிறிவிட்டார். "வீட்டு அடுப்பையே எரியவைக்க முடியாதவர் நாட்டை எப்படி நடத்துவார், பிரபு?"

"வருகிற பௌர்ணமி விருந்துக்கு அலர்மேலு சமைக்க வேண்டும். இல்லையென்றால் மந்திரி பதவி தண்டபாணியாருக்கு. நன்மாறன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்!" என்றார் ராஜா.

கேள்விப்பட்ட அலர்மேலு நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராஜா, என் குழம்புக்குக் கண் படாமல் இத்தனை நாள் காப்பாற்றினீர்கள். ஆனால் அதைவிட உயர்ந்தது தங்கள் வீணை வாசிப்பு. அதற்குக் காவல் யார்?"

தினமும் மாலையில் வீணை வாசிப்பது ராஜாவுக்கு உயிர். அவர் முகம் வெளிறியது. "ஐயையோ, அதற்கு யாருமே குற்றம் சொல்வதில்லையே! தண்டபாணியாரே, இன்றே ஆரம்பியும்!"

சபை கூடியிருக்கிறது, பேசச் சொல்லிவிட்டார்கள். தண்டபாணியாரின் நாக்கு சும்மா இருக்குமா?

"சுருதி கொஞ்சம் நொண்டுகிறது, பிரபு" என்றார் அன்று. ராஜா புன்னகைத்தார். மறுநாள், "விரல்கள் தந்தியைத் தேடுகின்றன" என்றார். சபை பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டது. அதற்கடுத்த நாள், "வீணைக்கு வாயிருந்தால் அழும்" என்றார். ராஜா அன்று பாதியிலேயே எழுந்துபோனார். பௌர்ணமிக்கு முந்தைய மாலை, வீணையைக் கண்ணில் படாமல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார்.

"ஏன் மகாராஜா, விரல் வலியா?" என்று கேட்டாள் வாசிப்புக் கேட்கச் சபைக்கு வந்திருந்த அலர்மேலு.

"விரலுக்கு ஒன்றுமில்லை, அம்மா. இன்றைக்கு என்ன சொல்வாரோ என்று நினைத்தாலே தந்தியைத் தொடப் பிடிக்கவில்லை."

"எனக்கு அடுப்பும் அப்படித்தான் ஆனது, மகாராஜா."

ராஜா தலைகுனிந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. "அந்த வழக்கம் இன்றோடு ஒழிந்தது. உன் கணவர் பதவிக்கும் ஆபத்தில்லை. நாளைக்கு விருந்து உண்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியவில்லை, மகாராஜா. கட்டளைக்காக அடுப்பு மூட்டிவிடலாம். ஆசை திரும்பி வர வேண்டுமே. முதலில் எனக்காக ஏதாவது சமைத்துப் பார்க்கிறேன்."

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் நின்றவளுக்கு ஒரு சங்கடம். தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது! நெடுநேரம் யோசித்த பிறகு நினைவு வந்தது. மாங்காய் போட்ட பருப்பு, ஓரமெல்லாம் கருகும்வரை வதக்கிய வெண்டைக்காய். எந்த ராஜாவுக்கும் அனுப்ப முடியாத சமையல். கடுகு வெடித்தது. அலர்மேலு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"என்னங்க, எனக்குப் பசிக்குது!"

யாருக்கும் காத்திராமல் தட்டெடுத்துச் சுடச்சுடச் சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில், "நாளைக்கு நிறைய மாங்காய் வேணும். விருந்துக்கு இதையேதான் வைக்கப்போறேன்" என்றாள். நன்மாறனுக்குப் போன உயிர் திரும்பியது.

விருந்தன்று ராஜா, "அலர்மேலுவுக்கு மனம் தோன்றும் நாளில்தான் இனி அரண்மனைக்குச் சாப்பாடு வரும். வராத நாளில் நான் கஞ்சி குடித்துக்கொள்கிறேன்" என்று அறிவித்து, அவளுக்குப் பட்டும் முத்துமாலையும் அளித்தார். அப்புறம் திரும்பினார். "தண்டபாணியாரே, உமக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்க்கத் தருவோம். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால்தான் இலையில் சோறு விழும்."

தண்டபாணியார் ஒரு வாய் மென்றார். "வெண்டைக்காய் கரு..." என்று தொடங்கி, ராஜாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினார். நல்ல வார்த்தை சொல்லிப் பழகாத வாய் திறந்து திறந்து மூடியது. சுற்றிலும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பருப்பு மணம் மூக்கைத் துளைத்தது. கடைசியில் பட்டம், பதவி எல்லாம் மறந்து இலையை நீட்டினார்.

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி கிடைக்குமா?"

சபை இந்த முறை சிரிக்கவில்லை. அலர்மேலுதான் சிரித்தாள். ஒரு கரண்டி கேட்டவர் இலையில் இரண்டு கரண்டி விழுந்தது.