நான்காம் மாடி மலை

பதினோரு விடியல் பனிமூட்டத்துக்காகக் காத்துக் கிடந்து காவோ எடுத்த படம் அது. எட்ட நின்று பார்த்தால் பழைய சீனப் பட்டுச்சுருளில் மையால் தீட்டிய மலையேதான். அடுக்கடுக்காய்ச் சிகரம், நடுவில் மிதக்கும் வெண்மை. கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படும்: இடித்துத் தள்ளிய குடியிருப்பின் செங்கல் குவியல், மேலே தூசிக்குப் போர்த்திய பச்சை வலை.

அறுபது வயது காவோ மலை ஓவியம் வரைந்து விற்றே ஆளானவர். கேமரா பிடிக்கக் கற்றது ஷூலானிடம். குருவுக்கு வயது முப்பத்தைந்து. அவள் தன் சிவப்பு முத்திரையைக் குத்தினால்தான் படம் கண்காட்சிச் சுவரில் ஏறும். படம் கொடுக்க நாளை கடைசி நாள்.

"குத்திடுங்க குருவே. ஓரத்திலே சின்னதா போதும்."

"சின்னதா குத்தினா பாதி மலைதான் ஏறும். பரவாயில்லையா?"

"விளையாடாதீங்க! குறை என்னன்னு சொல்லுங்க."

ஷூலான் உச்சியைத் தொட்டாள். "இந்த இடம் மட்டும் ரொம்ப வழவழன்னு இருக்கே."

"ஒரு சிவப்புப் புள்ளி இருந்துச்சு. ஏதோ கந்தல். மலையையே கெடுத்துச்சு, கம்ப்யூட்டர்லே துடைச்சிட்டேன்."

"என்ன கந்தல்னு பார்த்துட்டு வாங்க."

காவோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையும் மூட்டம்தான். காவோ செங்கல் குவியலில் ஏறினார்; வலைக்குள் கால் புதைந்தது. ஏற ஏறக் கீழே தரை காணாமல் போயிற்று. தான் எப்போதோ வரைந்து விற்ற மலைக்குள் தானே நடப்பதுபோல இருந்தது அவருக்கு.

உச்சியில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மாடிக்கு வந்தீங்க?"

"மாடியா?"

"இது நாலாவது. என் அடுப்படி. ஜன்னலை மறைக்காதீங்க ஐயா, வெளிச்சம் வேணும்."

காவோ திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இல்லை, சுவர் இல்லை, வெறும் வெண்மை. இருந்தும் நகர்ந்து நின்றார்.

"தினமும் வர்றீங்களா?"

"காலைச் சமையலை வேற எங்கே போய்ச் செய்ய?"

திரும்பி வந்தவர் மேலே கண்டதைச் சொல்லிவிட்டு, துடைக்காத படத்தைக் குருவின் முன் விரித்தார். உச்சியில் சிவப்புப் புள்ளி.

"இப்போ குத்துவீங்களா?"

"பழைய சுருள்லே, வரைஞ்சவர் முத்திரையோட, அதைச் சொந்தமா வச்சிருந்தவங்க முத்திரையும் இருக்குமே?"

"இருக்கும்."

"இந்த மலையை வச்சிருக்கிற அம்மா பேர் என்ன?"

காவோ விழித்தார். "கேட்கலையே."

"கேட்டு, அந்தப் பேரிலே ஒரு முத்திரை செதுக்கிட்டு வாங்க."

"இன்னைக்குக் கடைசி நாள்! உங்க முத்திரை?"

"அதுக்குக் கீழே இடம் மிச்சமிருந்தா குத்துறேன்."