கிரீடத்தில் ஒரு தூண்டில்

தொங்குபாலம் அவர்கள் கண்ணெதிரே அறுந்து ஆற்றோடு போயிற்று.

இந்தக் கரையில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் அமிர்தம்மை. மலைக்கு அப்பால் ஒரு சிறு மடத்தில் வாழ்கிறவர், வயது நாற்பதுக்குள் இருக்கும். இன்னொருவர் அவருடைய சீடர் செங்கோடர். அம்மையைவிட மூத்தவர். ஊர் வழக்குகளையெல்லாம் தீர்த்துவைத்த பெரிய மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாவது ஆள் கயிலன் என்ற கூத்துக்காரன். அவனுடைய கூத்துக் குழுவான ஜமா முன்னால் போய் அக்கரை சேர்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்த இவன் பாலத்தில் காலை வைப்பதற்குள் கரை சரிந்தது. உருண்டு விழுந்ததில் கால் முறிந்தது.

அக்கரையிலிருந்து ஜமா ஆட்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கயிறு இழுப்பதுபோல் சைகை காட்டிவிட்டு மலையிறங்கிப் போனார்கள்.

"கயிறு கொண்டாரப் போறானுவ" என்றான் கயிலன். "ஆனா ஊரு ரொம்ப தூரம் தாயே."

பின்னால் பாதையை மண் மூடியிருந்தது. செங்கோடரின் பையில் கொஞ்சம் அவல் இருந்தது. அது அன்றைக்கே தீர்ந்தது. அம்மை இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்து, கயிலனின் கூத்து உடுப்பைக் கிழித்து அவன் காலைக் கட்டினார். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சு மட்டும் குறையவில்லை.

"தாயே, வயிறு மத்தளம் வாசிக்குது. தாளந்தான் சேரல."

அம்மை ஆற்றைப் பார்த்தார். "மீன் இருக்கும்" என்றார்.

பிச்சைப் பாத்திரத்தில் எது விழுகிறதோ அதை உண்பது அவர்கள் வழக்கம். மீனும் விழுந்ததுண்டு. ஆனால் இருவரும் வாழ்க்கையில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டார் செங்கோடர்.

"தெரியாது."

"பிறகு எப்படி?"

"இறங்கிப் பார்ப்போம்."

கயிலன் தன் பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னான். உள்ளே ராஜா வேஷத்துக்கான கிரீடமும், சணல் தாடியும், சலங்கையும், அரிதாரமும், ஒரு சிறு கத்தியும், மெழுகு தடவிய டப்பாவில் தீப்பெட்டியும் இருந்தன.

"கிரீடத்துல கம்பி இருக்கு. புடுங்கிக்கோங்க அண்ணாச்சி."

"உங்கள் தொழிலுக்கு வேண்டியதல்லவா இது?"

"ராஜா பட்டினி கெடந்தா கிரீடம் எதுக்கு?"

கம்பியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி வளைத்தார்கள். தாடியைப் பிரித்து முறுக்கினால் நல்ல கயிறாயிற்று. மண்புழுவைக் கோத்து, கயிற்றில் நீருக்கு மேலே ஒரு சலங்கை மணியைத் தொங்கவிட்டு, மறுமுனையை ஒரு குச்சியில் கட்டிக் கரையில் ஊன்றினார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

மணி அடித்தது.

செங்கோடர் பாய்ந்து இரண்டு கையாலும் இழுத்தார். குற்றவாளியைச் சபைக்கு இழுத்து வருகிற வேகம். கயிறு அறுந்தது. மீன், கம்பி, மணி மூன்றும் போய்விட்டன.

"போச்சு! இனி அது போற எடமெல்லாம் சலங்கை கேக்கும்" என்றான் கயிலன்.

செங்கோடர் சிரிக்கவில்லை. மூங்கிலைச் சீவி ஈட்டியாக்கினார். இடுப்பளவு நீரில் நின்று குத்தினார். மீன் அங்கே இல்லை. மறுபடி குத்தினார். அங்கேயும் இல்லை. ஈட்டி கல்லில் பட்டுப் பிளந்தது. அம்மை வேறொன்றைச் சீவி எடுத்துக்கொண்டு இறங்கினார். ஓங்கிக் குத்திய வேகத்தில் அவரே தலைகுப்புற விழுந்தார். எழுந்தபோது கூந்தலெல்லாம் பாசி. கரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

செங்கோடருக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் குரு. நீங்களே தவறலாமா?"

"அந்த மீனுக்கு நான் குரு இல்லையே."

அன்று வேறெதுவும் கிடைக்கவில்லை. விடிந்தபோது கயிலன் பேச்சைக் குறைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. பகடி எதுவும் சொல்லாமல் படுத்திருந்தான். அதைக் கண்ட செங்கோடர் எழுந்து ஆற்றங்கரைக்குப் போனார்.

வெள்ளம் ஒரு முழம் வற்றியிருந்தது. கரையோரம் பாறைகளுக்கு நடுவே ஒரு மடு தேங்கி, ஒரு சிறு வாய்க்கால் வழியாக ஆற்றோடு சேர்ந்திருந்தது. மடுவுக்குள் கெண்டைகள் வெள்ளி மின்னக் கூட்டமாகத் திரிந்தன.

அம்மை அதைப் பார்த்தார். ஒரு கல்லைத் தூக்கி வாய்க்காலின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு கல்லை வைத்தார். செங்கோடருக்குப் புரிந்தது. அவரும் கல் சுமந்தார். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டார்கள்.

"உள்ளே இருந்து விரட்டினால் எல்லாம் இந்த வாய்க்குத்தான் வரும்" என்றார் செங்கோடர். "இங்கே ஒரு வலை வேண்டும்."

"ஆமாம்" என்றார் அம்மை.

கயிலனின் உடுப்பெல்லாம் அவன் காலில் கட்டாக இருந்தது. அம்மையிடம் உடுத்த புடவை ஒன்றுதான். செங்கோடர் இடுப்பில் கிழிந்த நாலு முழத் துண்டு.

அவருடைய மூட்டையில் ஒரு காவித் துணி இருந்தது. மடத்துக்கு வந்த அன்று அம்மை தன் கையால் அவருக்குப் போர்த்தியது. அதை அவர் ஒருநாளும் உடுத்தியதில்லை. மடித்து வைத்து, காலையில் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப மடித்து வைப்பார்.

அம்மை அந்த மூட்டையின் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

செங்கோடர் கயிலனைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். போய் அவிழ்த்தார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இது நீங்கள் கொடுத்த தீட்சை. இதில் மீன் பிடிக்கலாமா?"

அம்மை நிமிர்ந்தார். "தீட்சையா? அன்றைக்கு மழையில் நனைந்து வந்தீர்கள். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். அதனால் போர்த்தினேன்."

செங்கோடரின் வாய் திறந்தது. மூடவில்லை. முதலில் ஒரு விக்கல் போல வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அந்தப் பெரிய மனிதர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாறையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

படுத்திருந்த கயிலன் தலையைத் தூக்கினான். "என்ன அண்ணாச்சி, எனக்குத் தெரியாம பகடியா?"

துணியின் ஒரு விளிம்பைக் கல் வைத்து அடியில் அழுத்தினார்கள். மேல் விளிம்பை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு செங்கோடர் அந்த இடைவெளியில் நின்றார். அம்மை மடுவின் மறுகோடிக்குப் போய், இலைக் கொப்பு ஒன்றால் தண்ணீரை அடித்தார். கயிலன் மிச்சமிருந்த சலங்கையைக் கையில் குலுக்கினான். ராஜா சபைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டை எடுத்தான். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் பாடினான்.

"வாரார், வாரார்!" என்று கத்தினான். "வழி விடுங்க!"

மீன்கள் வந்தன. ஒரே பாய்ச்சலாக வந்தன. சில துணிக்கு மேல் துள்ளிப் போயின. ஒன்று செங்கோடரின் கன்னத்தில் அறைந்தது. அவர் கால் வழுக்கியது. விழும்போது துணியை விடவில்லை, மார்போடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே விழுந்தார்.

"போச்சா?" என்றான் கயிலன்.

"இல்லை!" நீருக்குள்ளிருந்து எழுந்தார் செங்கோடர். "துடிக்கிறது! உள்ளே துடிக்கிறது!"

கரையில் விரித்தபோது ஐந்தாறு கெண்டைகள் குதித்தன. பாறை இடுக்கில் நனையாமல் கிடந்த சருகைக் கூட்டித் தீ மூட்டினார்கள். இலையில் பொதிந்து சுட்டார்கள். உப்பில்லை. அம்மை முள்ளை எடுத்து எடுத்துக் கயிலன் வாயில் ஊட்டினார். பாதி மீன் உள்ளே போனதும் அவன், "கொஞ்சம் கருகிட்டு" என்று குறை சொன்னான். அவன் குறை சொன்னதில் இருவருக்கும் உயிர் வந்தது. பிறகு அவர்களும் வயிறார உண்டார்கள்.

அன்று பிற்பகல் அக்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். வடக்கயிறும் மூங்கிலும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் கல்லில் கட்டிய நூலை வீசினான். அம்மை அதைப் பிடித்து இழுத்து, பின்னால் வந்த கயிற்றை மரத்தில் கட்டினார். அக்கரையில் தெப்பம் கட்டும் வேலை தொடங்கியது. நடுவில் ஒருவன் சோற்று மூட்டையைத் தூக்கிக் காட்டினான். கயிலன் படுத்தபடியே அவர்களுக்குப் பெரிய கும்பிடு போட்டான்.

செங்கோடர் மட்டும் மடுவின் ஓரத்தில் நின்றார். தப்பிய கெண்டைகள் திரும்பி வந்திருந்தன. துணி அவர் கையில் இருந்தது. அதில் செதில்கள் ஒட்டி மின்னின.

"அம்மா" என்றார். "தெப்பம் வருவதற்குள் இன்னொரு தடவை விரட்டுவோமா?"

"யாருக்குப் பசி?"

செங்கோடர் யோசித்தார். வயிறு நிறைந்திருந்தது. கயிலன் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

"யாருக்கும் இல்லை" என்றார். வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "சும்மா, ஒரு சந்தோஷத்துக்கு."

அம்மை அவர் கையிலிருந்த துணியை வாங்கிக் கரையில் எறிந்தார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். இரு கையாலும் தண்ணீரை அள்ளிச் சீடரின் முகத்தில் அடித்தார்.

"சந்தோஷத்துக்கு மீன் எதற்கு?"