போன் படித்த வகுப்பு

புதிய சட்டங்கள் வந்த பிறகு வக்கீல்களும் வகுப்புக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஊர் வக்கீல் சங்கம் ஒரு விதி போட்டது: பயிற்சி நேரத்தை முடித்துச் சான்றிதழ் வாங்காதவர் பெயர் இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் இருக்காது.

ஆன்லைனில் வகுப்பு எடுத்தவர் கமருன்னிசா. வகுப்பில் பெயர் கொடுத்திருந்த தொழிற்சங்க வக்கீல் திரவியத்தைவிட வயதில் பத்து வருடம் இளையவர். குற்றவியல் சட்டத்தில் சந்தேகம் வந்தால் அந்த நீதிமன்றமே அவரைத்தான் தேடும்.

கடைசி நாள் மாலை திரவியம் அவருடைய அலுவலகத்துக்கு ஓடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுருங்க மேடம். நாளைக்குச் செல்லக்கனிக்கு ஜாமீன் கேக்கணும். பட்டியல்ல பேரு இல்லைன்னா என்னை நிக்க விடமாட்டாங்க."

செல்லக்கனி துப்புரவுத் தொழிலாளி. சாக்கடை அள்ளக் கையுறை கேட்டு மறியலில் உட்கார்ந்தவளை, அதிகாரியை அடித்தாள் என்று சொல்லி உள்ளே தள்ளியிருந்தார்கள். நாளையை விட்டால் பொங்கல் விடுமுறை. கோர்ட்டு பொங்கல் வைக்கும். அவள் கம்பி எண்ணுவாள்.

"வகுப்புக்கு வந்தீங்களா அண்ணாச்சி?"

"எல்லா வகுப்பும் என் போன்ல ஓடிச்சு. ஒண்ணு விடல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"யூனியன் ஆபீஸ்ல போராட்டத் தட்டி எழுதிக்கிட்டு இருந்தேன். போன் மேசையில இருந்துச்சு."

கமருன்னிசா ஒரு சான்றிதழை எடுத்துப் பெயரை எழுதி நீட்டினார். திரவியம் ஆவலோடு வாங்கிப் படித்தார்: 'திரவியம் அவர்களின் கைபேசி.'

"படிச்சது அதுதானே? நாளைக்கு அதுக்கே கறுப்புக் கோட்டு மாட்டி அனுப்புங்க."

திரவியத்துக்குக் காது சிவந்தது. "நான் சொகுசா உக்காந்து சட்டம் படிச்சவன் இல்ல மேடம். லாக்கப்புல படிச்சவன். வாங்கின தடியடிக்கெல்லாம் பயிற்சி நேரம் போட்டா எனக்கு ஏழு ஜென்மத்துக்குக் காணும்."

"அதை நான் மறுக்கல. மனுவைக் குடுங்க." வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் மாஜிஸ்திரேட். வாதாடுங்க."

திரவியம் வாதாடினார். கையுறை இல்லாத கைகளைப் பற்றி அவர் பேசியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"மனு திருப்பப்படுகிறது" என்றார் கமருன்னிசா.

"ஏன்?"

"நீங்க ஜாமீன் கேட்டிருக்கிற சட்டம் இப்ப இல்ல. நானூத்தி முப்பத்தேழுன்னு போட்டிருக்கீங்க. பழைய பிரிவு. வருஷக்கணக்கா எழுதின கை, தானா எழுதிருச்சு."

திரவியம் பேனாவை உருவினார். "புது நம்பரைச் சொல்லுங்க. இப்பவே திருத்திருதேன்."

"சொல்றேன். நாளைக்கு அரசு வக்கீல் எழுந்து அடுத்த கேள்வி கேட்டா, யார்கிட்ட ஓடுவீங்க?"

கமருன்னிசா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வெளியே நிக்கிறது யாரு?"

"செல்லக்கனி வீட்டுக்காரர், இசக்கி. கூடவே வந்துட்டாரு."

"போய், மனு திரும்பிருச்சுன்னு சொல்லிட்டு வாங்க."

திரவியம் எழுந்து வெளியே போனார். மாடிப்படி ஓரத்தில் நின்றிருந்த இசக்கி, கையிலிருந்த சின்ன மருந்துக்கடை உறையைக் காட்டினார்.

"ஐயா, இது அவளுக்குச் சுகர் மாத்திரை. ஜெயில்ல குடுத்துட்டு வந்துரவா? இல்ல, நாளைக்கு வீட்டுக்கு வந்துருவாள்லா, அங்கயே வச்சிரவா?"

மைக் இல்லாமலே மைதானத்தைக் கட்டிப்போட்ட வாய் அது. திறக்கவில்லை.

உள்ளே திரும்பி வந்து நின்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"மாத்திரையை ஜெயில்ல குடுக்கவா, வீட்டுல வைக்கவான்னு கேக்கிறாரு மேடம்."

கமருன்னிசா புதிய சட்டப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். திரவியம் போனை அணைத்தார். நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"எவ்வளவு நேரம் உக்காரணும் மேடம்?"

"அந்த மாத்திரை எங்க போகணும்னு நீங்க அவருக்குச் சொல்ற வரைக்கும், அண்ணாச்சி."