கேழ்வரகு மாவில் ஓடும் வண்டி

“நான் ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன், டீச்சர்” என்றான் குணாளன்.

கார் கம்பெனியில் சக்கரம் வடிவமைக்கிற வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கற்றுக்கொள்ள ரெபெக்காள் டீச்சரிடம் வந்தவன் அவன். அவள் அவனைவிட இளையவள். பள்ளி மலைமேல் இருந்தது. காலையில் மேகம் சன்னல் வழியே உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்ளும்.

“என்ன ஆச்சு?”

“செவ்வாய் கிரகத்துல ஓடற வண்டி செய்யச் சொன்னேன். காய்கறி, தின்பண்டம் எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். மாதிரிக்கு நானே ஒண்ணு செஞ்சு வெச்சேன். எல்லாரும் அதையே செஞ்சிருக்காங்க. ஒருத்தருக்கும் சொந்தமா யோசிக்க வரலை.”

டீச்சர் வகுப்புக்குள் போனாள். அவனும் பின்னால் போனான்.

தாம்பாளத்தில் கேழ்வரகு மாவு பரப்பியிருந்தது. அதுதான் செவ்வாய். ரஸ்க் உடம்பும் வெள்ளரிச் சக்கரமுமாக அத்தனை வண்டிகளும் அதில் பாதி புதைந்து நின்றன.

குணாளனின் வண்டி மட்டும் மாவு படாமல் மேசைமேல் இருந்தது.

டீச்சர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சக்கரத்தைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

“டீச்சர்!”

மிச்சத்தைப் பிள்ளைகளிடம் நீட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் காலி.

பொன்மலர் என்ற சிறுமி விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

“சார், இப்ப எதைப் பார்த்துச் செய்யறது?”

குணாளன் வாயைத் திறந்தான். டீச்சர் அதில் ஒரு பெரிய கேரட் துண்டை வைத்தாள்.

அவன் மென்றான். பிள்ளைகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்லுவது முடிகிற மாதிரி தெரியவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள்.

“புதையாம இருக்கணும்னா சக்கரம் அகலமா வேணும்டி.”

“அப்பளம்?”

“நொறுங்கிடும்.”

“சக்கரமே வேணாம். பூரான் மாதிரி கால் வெச்சா?”

மேகம் உள்ளே புகுந்தது. சுவர்கள் கரைந்தன. மாவின் செந்நிறம் மட்டும் எங்கோ தொலைவில் கிடப்பதுபோல் தெரிந்தது. வெண்மைக்குள்ளிருந்து குரல்கள் வந்தபடி இருந்தன. தன் கால் தரையில்தான் இருக்கிறதா என்று குணாளனுக்குச் சந்தேகமாக இருந்தது.

கேரட் தொண்டையில் இறங்கியபோது, பாயில் உட்கார்ந்திருந்த பொன்மலர் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் கையில் முருங்கைக்காய்க் கால்கள் வைத்த ஏதோ ஒன்று இருந்தது.

“சார், இது நடக்குமா?”

அவன் குனிந்து அந்தக் கால்களைத் தொட்டுப் பார்த்தான்.

“தெரியலையே” என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

“அப்ப வாங்க சார், உக்காருங்க. எங்களுக்கும் தெரியல.”