சின்ன மாப்ளைக்கு வராத ஒத்தடம்

ஒரு ஊர்ல ஒரு மாமனார் இருந்தாராம், பேரு சடையாண்டி. மொதல் தப்பு அவர் மேலதான், அதைச் சொல்லிட்டுத்தான் கதைக்குள்ள போகணும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த ரெண்டு மாப்ளைக்கும் காய்ச்சல். ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவர், "மூத்தவரைக் கொஞ்சம் நல்லாப் பாருங்கம்மா"ன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னார். சின்னவர் முத்துவீரன் பக்கத்துலயேதான் நிக்கிறார். அவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ம் சொல்லு.

அப்புறம், மூத்தவர் கொம்பையாவுக்குச் சுருக்குன்னு ஒரு ஊசி. முத்துவீரனுக்கு மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் வெந்நீர்ல துணிய முக்கிக் கொம்பையா கைக்கு ஒத்தடம் குடுக்குறாங்க.

"வலிக்குதா மாப்ள?"

"லேசா வலிக்குது அத்தே"ன்னு அவர் இழுக்குறார்.

பாத்துக்கிட்டிருந்த முத்துவீரனுக்கு வயிறு குபுகுபுன்னு எரியுது. ஊசின்னா மட்டும் வேகமா ரத்தத்துல ஏறுமோ, நம்ம மாத்திரையும் ஏறட்டும்னு கெளம்பிட்டார்.

அப்போ ஒண்ணை எடுத்து நாக்குக்கு அடியில வச்சார். நெஞ்சுவலிக்காரங்க வைக்கிற மாத்திரை அப்படித்தான் சட்டுனு ரத்தத்துல சேரும். இது அந்த ரகம் இல்லையே. ஒரே கசப்பு. தூ தூன்னு துப்பிட்டார்.

அப்புறம் இன்னொண்ணை நறநறன்னு நுணுக்கி, எண்ணெயில கொழச்சு, கையில பரபரன்னு தேய்ச்சார். தோலு கெட்டிக் கதவு, எல்லா மருந்தையும் உள்ள விடாது. மாவு மேலயே உக்காந்துருச்சு. காய்ச்சல் அப்படியே கொதிக்குது. முழிச்சிருக்கியா? ம்.

மூணாவதா விறுவிறுன்னு டாக்டரம்மாகிட்டயே போய்க் கையை நீட்டினார்.

"எனக்கும் ஊசி போடுங்க."

"உங்க சகலைக்கு எது குடுத்தாலும் வாந்தி. வயித்துல மாத்திரை நிக்கணும்ல? அதான் சதையில போட்டேன், ரத்தம் அங்கேருந்து இழுத்துக்கும். நீங்க இட்லி தின்னுட்டுத்தானே வர்றீங்க?"

"அப்ப என் மாத்திரை எப்படிப் போகும்?"

"வயித்துல கரையும், குடல் உறிஞ்சும், கல்லீரல் தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை ரத்தத்துல விடும். சுத்துவழிதான், ஆனா வந்து சேந்துரும்."

"அதுலயும் ஒருத்தன் பங்கு கேக்குறானா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்கு வந்து, மாத்திரையை மடக் மடக்குன்னு தண்ணியோட முழுங்கிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டுச்சு. சாயங்காலம் ரெண்டு பேருக்குமே காய்ச்சல் இல்ல.

மாமியார் வாசல்ல நின்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட, "ஊசி போட்டதும் மூத்த மாப்ளைக்குப் பட்டுனு எறங்கிருச்சு"ங்கிறாங்க.

"சின்னவருக்கு?"

"அவருக்கு லேசாத்தானே இருந்துச்சு."

உள்ள முத்துவீரன் கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கார். பொண்டாட்டி பேச்சியம்மா வந்து பாத்தா.

"கைக்கு என்ன?"

"உங்கம்மாவ ஒத்தடம் குடுக்கச் சொல்லு."

"உங்களுக்குத்தான் ஊசியே போடலியே."

"போடாத கைக்குத்தாண்டி வலி ஜாஸ்தி."

அவ சிரிச்சுக்கிட்டே போயிட்டா. கொடை முடிஞ்சு எல்லாரும் ஊருக்குத் திரும்பியாச்சு, அந்த ஒத்தடம் மட்டும் இன்னும் வரல. அவரும் விட்டபாடில்ல. கதை இம்புட்டுத்தான், போர்வைய இழுத்துக்கிட்டுத் தூங்கு.