முப்புடாதி வந்த வியாழக்கிழமை

“அந்தப் பொண்ணை மட்டும் நீங்க பாத்துடுங்க மேடம். என்னால முடியாது.”

கோமதிநாயகம் இப்படிச் சொன்னபோது ரூபவதி மேடம் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

அதெல்லாம் ஒரு காலம். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வருடக்கணக்காகப் பிரசவம் பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி செய்யக் கிளம்பி வந்த டாக்டர் கோமதிநாயகம். வாய்த்த குரு ரூபவதி மேடமோ அவரைவிடச் சின்னவர். கூட இருந்த பிள்ளைகள் ‘தாத்தா ஸ்டூடண்ட்’ என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்தான்.

ஆஸ்பத்திரி அப்போது ஓட்டுக் கட்டடம். பாதரசம் ஏறி இறங்கும் பிரஷர் கருவி. ஒரு அளவு நாடா. ஸ்கேன் எல்லாம் அந்த ஊருக்கு வராத நாட்கள்.

ரத்தம் குறைந்த தாயின் வயிற்றில் பிள்ளை ஏன் வளராமல் நின்றுவிடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. வியாழக்கிழமைதோறும் தாய்மார் வருவார்கள். வராண்டா சந்தை மாதிரி கலகலக்கும். இப்போது அங்கே ஏழு மாடி எழும்பிவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமை வந்தால் கோமதிநாயகத்துக்கு மனசு அந்த வராண்டாவுக்குத்தான் ஏங்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி முப்புடாதி. அவள் வயிற்றை மாதாமாதம் அளந்தவர் அவர். எட்டாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே இறந்து, அதைக் கையில் வாங்கியவரும் அவரே. அளந்து அளந்து என்ன புண்ணியம், ஒரு உயிரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று குமைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் யோசனை.

அந்த வியாழக்கிழமை, பிரசவமான தாய்மார் பிள்ளையோடு வந்து காட்டும் நாள். முப்புடாதி வெறுங்கையோடு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவளிடம் அளக்க இனி ஒன்றுமில்லை, பக்குவமாகப் பேசி அனுப்பிவிடலாம் என்றார் கோமதிநாயகம்.

“வரச் சொல்லுங்க” என்றார் மேடம்.

வந்தாள். மேடம் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். பால் கட்டி வலித்ததா என்று விசாரித்தார். கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் மற்ற தாய்மாரிடம் கேட்பதையே அவளிடமும் கேட்டார்.

“பிள்ளை யார் சாயல்?”

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாளுக்கு என்ன கிறுக்கா என்று கோபம்கூட வந்தது.

முப்புடாதி அழவில்லை.

“தெரியலம்மா. பாத்தா மனசு தாங்காதுன்னு எங்க வீட்டுல எனக்குக் காட்டாமலே கொண்டு போயிட்டாக.”

ஜன்னல் பக்கம் நின்றவரைப் பார்த்தாள்.

“சார் பாத்தாகல்லா. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

மேடம் எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார். கோமதிநாயகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வராண்டாவுக்குப் போய்விட்டார்.

கோமதிநாயகம் வந்து அதில் உட்கார்ந்தார்.

“உன் மூக்குதான் தாயி” என்றார். “தலை நிறைய முடி. நெத்தியில ஒரு சுழி இருந்துச்சு.”

“சுழியா?”

முப்புடாதி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கம் சார்?”